பழைய கார்டன் டிராக்டர்: வாங்குவது, மாற்றுவது, வேலை வாங்குவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றிரண்டு ஏக்கர் நிலத்தில் கொஞ்சம் காய்கறி, கொஞ்சம் மரம், கொஞ்சம் புல்வெளி என்று வைத்திருப்பவர்கள் பழைய கார்டன் டிராக்டர் வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும் கேட்கிற கேள்விகள் இவை. வண்டியைத் துடைத்துக் காட்சிக்கு நிறுத்துபவர்களுக்கும் சில பதில்கள் உதவலாம். ஆனால் எழுதும்போது மனதில் இருந்தவர்கள் அதை வைத்து வேலை செய்ய நினைப்பவர்கள்தான்.

கார்டன் டிராக்டர் என்பது எது? புல் வெட்டும் சவாரி மோவரும் இதுவும் ஒன்றா?

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கிட்டே போய்க் குனிந்து பாருங்கள். புல் வெட்ட மட்டும் செய்த வண்டியில் சட்டம் மெல்லிய தகட்டை மடித்தது. பின் அச்சு முக்கால் அங்குலம். சக்கரம் ஒரு கிளிப்பில் நிற்கும். உண்மையான கார்டன் டிராக்டரில் சட்டம் கனத்த எஃகு, பின் அச்சு ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேல், சக்கரத்தை ஐந்து போல்ட் போட்டு ஹப்பில், அதாவது அச்சு முனையில் உள்ள குடத்தில், முடுக்கியிருப்பார்கள். கியர் பெட்டி வார்ப்பிரும்பு. எடை 250 கிலோவில் தொடங்கி 450 வரை போகும். கலப்பையை இழுப்பது அந்த எடையும் அந்தக் கியர் பெட்டியும்தான். மோவரில் கலப்பையை மாட்டினால் கலப்பைக்கு ஒன்றும் ஆகாது, மோவரின் கியர் போய்விடும்.

புதிதாக வாங்காமல் ஏன் பழையதை வாங்க வேண்டும்?

வாங்கியே ஆகவேண்டும் என்று இல்லை. வாரம் ஒரு முறை புல் வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால் புதியதே வசதி. உழுவது, மண் தள்ளுவது, விறகு இழுப்பது என்று வேலை விரியும்போது 1960களிலிருந்து 1980கள் வரை வந்த வண்டிகளின் உறுதி தெரியும். திறந்து பார்க்கலாம், புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) மாற்றலாம், சிலிண்டரை ரீபோர் செய்யலாம் (தேய்ந்த உட்சுவரைக் கடைந்து சீராக்குவது), உடைந்ததை வெல்டிங் வைக்கலாம். ஆனால் பழைய வண்டி நேரம் கேட்கும். ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்காதவருக்கு இது சரிப்பட்டு வராது.

எந்தக் கம்பெனி வண்டி நல்லது?

இதைக் கேட்காத ஆளே இல்லை. என் பதில் கொஞ்சம் சுற்றிவளைத்து வரும்: முதலில் எந்தக் கருவிகள் உங்கள் பக்கம் கிடைக்கின்றன என்று பாருங்கள், அந்தக் கருவிகள் மாட்டுகிற வண்டியை வாங்குங்கள். வண்டி எளிதாகக் கிடைக்கும். அதற்குப் பொருந்துகிற, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர், கலப்பை தூக்கும் பின் அமைப்பு, மண் தள்ளும் பலகை ஆகியவைதான் கிடைக்காது. ஒரு கம்பெனியின் ரொட்டவேட்டர் இன்னொரு கம்பெனி வண்டியில் அப்படியே உட்காராது. கருவியோடு சேர்த்து விற்கிற சுமாரான வண்டி, தனியாக நிற்கிற பளபளப்பான வண்டியைவிட எப்போதும் மேல்.

அப்புறம் கம்பெனிகள். எல்லாம் அமெரிக்க வண்டிகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு யோசனை.

வீல் ஹார்ஸ் எளிமையானது. இஞ்சினிலிருந்து ஒரு பெல்ட், அது நேராக வார்ப்பிரும்பு கியர் பெட்டிக்குப் போகும், அவ்வளவுதான். கருவிகளைக் கழற்றி மாட்டுவது சுலபம். 1986-இல் டோரோ கம்பெனி வாங்கியது. அதற்குப் பிறகும் சில காலம் அதே பெயரில் வந்தன. முதல் வண்டிக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கப் கேடட்டை 1961-இல் கொண்டுவந்தது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். அவர்களுடைய சின்ன பண்ணை டிராக்டரான ஃபார்மால் கப்பின் பின் அச்சு, கியர் அமைப்பை ஒட்டியே இதைச் செய்தார்கள். மிக முதல் மாடலைத் தவிர, அவர்கள் காலத்து வண்டிகளில் இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே பெல்ட் கிடையாது, நேரடி ஷாஃப்ட். 1981-இல் இந்தப் பிரிவு எம்.டி.டி. என்ற இன்னொரு கம்பெனியின் கைக்குப் போனது. உழுவதற்கென்றே தேடுபவர்கள் அதற்கு முந்தையதைத் தேடுவார்கள்.

ஜான் டியரின் முதல் கார்டன் டிராக்டர் 1963-இல் வந்த 110. அதன் பின் வந்தவற்றில் ஹைட்ராலிக் தூக்கி உள்ள பெரியவை நல்ல வேலைக்காரர்கள். பச்சை நிறத்துக்கென்றே ஒரு விலை உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேஸ், பிறகு இங்கர்சால் என்ற பெயரில் வந்த வண்டிகள் தனி ரகம். இஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும், பம்பின் எண்ணெய் ஒரு ஹைட்ராலிக் மோட்டாரைச் சுற்றும், வண்டி நகரும். அதே எண்ணெயிலேயே ரொட்டவேட்டரையும் சுற்ற வைத்த மாடல்கள் உண்டு. மண் தள்ளுவதற்கு முன்னும் பின்னும் மாறி மாறிப் போகும்போது கிளட்சை மிதிக்க வேண்டியதே இல்லை, அது பெரிய சுகம். ஹோஸ் கசிந்தால் செலவும் சற்றுப் பெரிது.

கிரேவ்லியின் பெரிய சவாரி வண்டிகளில் இஞ்சின் பின்னால் இருக்கும், கியர் முன்னோக்கி எட்டு. சிம்பிளிசிட்டியும் அல்லிஸ் சால்மர்ஸும் ஒரே வண்டியை இரண்டு நிறத்தில் விற்ற காலம் ஒன்று உண்டு. அதனால் ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்கு உதவும்.

எதை எடுத்தாலும், இரண்டாவது வண்டியும் அதே கம்பெனியில் எடுங்கள். இரண்டு கம்பெனி என்றால் இரண்டு ஜோடிக் கருவி, இரண்டு அளவு பெல்ட், இரண்டு பெட்டி உதிரி.

வாங்கப் போகும்போது என்னென்ன சோதிக்க வேண்டும்?

இஞ்சின் சூடாக இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இஞ்சின் ஆறியிருக்கும்போது கிளம்பாத வண்டியாக இருக்கலாம்.

அப்புறம் முன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். முன் அச்சு நடுவில் ஓர் ஆணியில் (பின்) தொங்குகிறது. அந்தத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் வண்டி முன்பக்கம் ஆடும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், லேத்தில் புஷ் போட்டுச் சரி செய்யலாம். விலையைக் குறைக்க உதவும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கால் சுற்று வரை ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் அதே கதைதான்.

பின் சக்கரத்தைப் பார்க்கும்போது கவனம் கூட வேண்டும். ஹப் அச்சின் மேல் தளர்ந்து ஆடினால் உள்ளே ஹப்பையும் அச்சையும் பிணைக்கும் கீயும் (சிறு இரும்புத் துண்டு) அதன் பள்ளமும் தின்னப்பட்டிருக்கும். துருப்பிடித்து ஒட்டிப்போன ஹப்பைச் சுத்தியலால் அடித்து எடுத்தால் வார்ப்பிரும்பு உடையும்; புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வைத்து, துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, நாள் கணக்கில் பொறுமையாக எடுக்க வேண்டிய வேலை அது.

கியர் பெட்டி எண்ணெயைக் குச்சியில் எடுத்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அதிலும் வடித்துக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றிச் சில ஆண்டுகள் ஓடுகிற பெட்டிகள் உண்டு. இரும்புத் துணுக்குகள் வந்தால் வேண்டாம்.

ஹைட்ரோஸ்டாட்டிக் வகை என்றால், அதாவது கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்திலேயே வேகம் கூட்டிக் குறைக்கும் வகை என்றால், குளிர்ந்தபோது ஓட்டிப் பார்ப்பது போதாது. கால் மணி நேரமாவது ஓட்டி, எண்ணெய் சூடான பிறகு ஒரு சரிவில் ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த பம்ப் அப்போதுதான் தன்னைக் காட்டும். இந்த வகை வண்டியை, சக்கரத்தை எண்ணெய் அமைப்பிலிருந்து விடுவிக்கும் லீவரைத் தள்ளாமல் கயிறு கட்டி இழுத்து வரவும் கூடாது.

டயர், சீட், பெயின்ட் எல்லாம் கடைசி. சட்டத்தில் விரிசல், கருவி மாட்டும் இடத்தில் கோணல் வெல்டிங் உள்ளதா என்று மட்டும் பாருங்கள்.

பல வருடம் ஓடாமல் நின்ற வண்டி. இஞ்சினை எப்படிக் கிளப்புவது?

பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரு நாள் விடுங்கள். பிறகு ஃபிளைவீலை, அதாவது இஞ்சினின் கனத்த சுழல் சக்கரத்தை, கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் இன்னும் எண்ணெய், இன்னும் சில நாள்.

இஞ்சினை மூடியிருக்கும் தகட்டைக் கட்டாயம் கழற்றுங்கள். எலிக்கு மிகவும் பிடித்த இடம் அது. காற்றில் குளிரும் இஞ்சினின் துடுப்புகளுக்கு நடுவே வைக்கோலும் நூலும் அடைத்திருக்க, அப்படியே ஓட்டினால் கிளம்பிய மகிழ்ச்சி அரை மணி நேரம்கூட நிற்காது.

பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, டேங்கைக் கழுவி, ரப்பர் குழாயை மாற்றுங்கள். பாயிண்டில், அதாவது பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்னத் தொடுமுனையில், பச்சையாகப் பூத்திருக்கும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, பிறகு சுத்தமான தாளை நடுவில் விட்டு இழுத்தால் போதும். பிளக்கில் பொறி வந்து, ஒரு மூடி பெட்ரோலை நேராக ஊற்றியபோது ஒரு கணம் கிளம்பி நின்றால், மீதிப் பிரச்சினை கார்புரேட்டரில் என்று தெரிந்துவிடும்.

கோலர் கே-சீரிஸ் இஞ்சின் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, அதில் என்ன விசேஷம்?

கோலர் இஞ்சின் செய்யும் கம்பெனி. மேலே சொன்ன கம்பெனிகளில் பலவும் ஒரு காலத்தில் வாங்கிப் பொருத்தியது இதைத்தான். வார்ப்பிரும்பு பிளாக், ஒரே சிலிண்டர், பக்க வால்வு. பெயரைப் படிப்பதும் எளிது: கே 301 என்றால் சுமார் 30 கன அங்குலம், 1 சிலிண்டர். சக்தி வரிசை: கே 181-க்கு 8 எச்.பி., கே 241-க்கு 10, கே 301-க்கு 12, கே 321-க்கு 14, கே 341-க்கு 16.

பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். பேட்டரிப் பற்றவைப்பு என்றால் பிளக் இடைவெளி 0.035 அங்குலம். ஆண்டுக்கு ஒரு முறை இந்த இரண்டையும் சரிபார்த்தால் கிளம்பாத தொல்லையில் பாதி குறையும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு 'அழுத்தமே இல்லை' என்று இஞ்சினைப் பிரிக்க உட்காருபவர்கள் உண்டு. இதில் கிளப்புவது எளிதாக இருக்கக் கேம் ஷாஃப்டில் ஓர் அமைப்பு வைத்து, மெதுவாகச் சுற்றும்போது வால்வைச் சற்றுத் திறந்து வைக்கிறார்கள். அதனால் கேஜ் குறைவாகத்தான் காட்டும். ஃபிளைவீலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். அழுத்தம் நன்றாக இருந்தால் கையைத் திருப்பித் தள்ளும்.

பெரிய கே இஞ்சின்கள் பலவற்றில் அதிர்வைக் குறைக்கச் சமநிலைப் பற்சக்கரங்கள் இரண்டு உண்டு. வயதாகும்போது அவற்றின் பேரிங் தேய்ந்து, பற்சக்கரம் உடைந்து, பிளாக்கையே கிழித்துவிடும். இஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்கிறவர்கள் பெரும்பாலும் அவற்றை எடுத்துவிட்டே மூடுகிறார்கள். அதிர்வு கொஞ்சம் கூடும், இஞ்சின் பிழைக்கும். என்னைக் கேட்டால் எடுத்துவிடச் சொல்வேன்.

இன்னொன்று: இதில் எண்ணெய் பம்ப் கிடையாது. அலுமினிய கனெக்டிங் ராடின் அடியில் உள்ள ஒரு கரண்டிதான் எண்ணெயைத் தெறிக்க வைக்கிறது. எண்ணெய் குறைந்தாலோ செங்குத்தான சரிவில் வெகுநேரம் சாய்ந்து ஓடினாலோ ராடு உடைந்து பிளாக்கில் ஓட்டை போடும். ஒவ்வொரு நாளும் கிளப்பும் முன் குச்சியை எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

எந்த எண்ணெய் ஊற்றுவது?

இஞ்சினுக்கு மிதமான, சூடான காலத்தில் எஸ்.ஏ.இ. 30, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கியர் பெட்டிக்கும் ஹைட்ரோவுக்கும் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் இஞ்சின் ஆயில், சிலவற்றில் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய், சிலவற்றில் கம்பெனியின் தனி எண்ணெய். அந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள்.

பழைய இஞ்சினைத் தூக்கிவிட்டுப் புதிய இஞ்சின் வைக்கலாமா?

வைக்கலாம், பலரும் வைக்கிறார்கள். ஹோண்டா ஜி.எக்ஸ். 390 போன்ற 13 எச்.பி. இஞ்சின்களும் அவற்றைப் பார்த்துச் செய்தவையும் வீல் ஹார்ஸ் போன்ற பெல்ட் வண்டிகளில் அதிகம் தலைவலி இல்லாமல் உட்காரும். கிடை ஷாஃப்ட் இஞ்சின்தான் வேண்டும். மலிவான மோவரில் இருந்து எடுத்த செங்குத்து ஷாஃப்ட் இஞ்சின் உதவாது. பழைய 12 எச்.பி. கோலரின் ஷாஃப்ட் பெரும்பாலும் 1⅛ அங்குலம், புதியதில் 1 அங்குலம். பழைய புல்லி அப்படியே ஏறாது. ஷாஃப்டின் உயரம் மாறினால் பெல்ட் கோணமும் மாறும், அதற்கு அடியில் தகடு வைக்க வேண்டும். புல் வெட்டியை மின்சார கிளட்ச் இயக்கினால், புதிய இஞ்சினின் சார்ஜிங் காயில் அதற்குத் தேவையான மின்சாரத்தைத் தருமா என்றும் பாருங்கள்.

கப் கேடட்டில் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். அதில் ஓட்டும் ஷாஃப்ட் இஞ்சினின் ஃபிளைவீல் பக்கத்தில் பொருந்துகிறது. சாதாரண இஞ்சினில் அந்தப் பக்கம் எதையும் இணைக்க வழி இருக்காது, தனியாக ஓர் அடாப்டர் செய்ய வேண்டும். அந்தச் செலவில் பழைய கோலரையே ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு முடித்துவிடலாம்.

வேகத்தைக் கூட்டலாமா?

கூடாது. இந்த இஞ்சின்கள் நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்குச் செய்தவை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டு அதற்கு மேல் ஓட்டினால் வார்ப்பிரும்பு ஃபிளைவீல் வெடித்துச் சிதறும். அது உங்கள் முழங்காலுக்கு முன்னால்தான் இருக்கிறது. இழுவைப் போட்டிக்காரர்கள் எஃகு ஃபிளைவீல் போடுவது அதனால்தான். பெரிய புல்லி போட்டு வண்டி வேகத்தைக் கூட்டினாலும் பிரேக் பழைய பிரேக்தான்.

உண்மையிலேயே இதை வைத்து உழ முடியுமா?

முடியும். 10 முதல் 14 எச்.பி. வண்டிக்கு 10 அங்குல அகலம் வெட்டி மண்ணைப் புரட்டும் ஒற்றைக் கலப்பை, 16 எச்.பி.க்கு 12 அங்குலம். ஆறு அங்குல ஆழம் வரை இறங்கும். சக்தி போதவில்லை என்று புலம்புகிற வண்டிகளில் பெரும்பாலானவை பிடிமானம் போதாத வண்டிகள்.

புல்வெளி டயரைக் கழற்றிவிட்டு வி வடிவ வரி உள்ள உழவு டயர் போடுங்கள். 23 அங்குல உயரமும் 8.50 அங்குல அகலமும் உள்ளது சாலுக்குள் அடங்கிப் போகும். 10.50 அகலம் பார்க்கக் கம்பீரம், ஆனால் புரட்டிப்போட்ட மண்ணின் மேல் ஏறி அமுக்கும். காற்று 6 முதல் 10 பி.எஸ்.ஐ. போதும். அதற்கு மேல் எடை: ரிம்மில் வார்ப்பிரும்பு எடைகள், டயருக்குள் தண்ணீர். டயர் ஒன்றுக்கு அளவைப் பொறுத்து 25 முதல் 35 லிட்டர் வரை கொள்ளும். உறைபனி விழும் இடங்களில் உறையாத திரவம் வேண்டும். கால்சியம் குளோரைடு கரைசல் எடை தரும், கூடவே ரிம்மையும் தின்னும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உழும்போது வலது சக்கரம் சாலுக்குள் ஓடுகிறது, வண்டி அந்தப் பக்கம் சாய்கிறது, எடையும் அங்கே போகிறது. மேட்டில் ஓடும் இடது சக்கரம் இலேசாகிச் சுழலும். ஆகவே எடை ஒன்று அதிகமாக இருந்தால் இடது பக்கம் மாட்டுங்கள். கலப்பையை அமைப்பதும் சாய்ந்த நிலையில்தான்: இடது சக்கரத்தின் அடியில் உழும் ஆழத்துக்குச் சமமான கட்டையை வைத்து, அந்த நிலையில் கலப்பையை நேராக நிறுத்தி முடுக்குங்கள். சமதளத்தில் நேராக நிறுத்திவிட்டுப் போனால் இரண்டாவது சாலிலேயே கலப்பை சாய்ந்து, மண் புரளாமல் நிற்கும்.

கலப்பையின் முகம் பளபளப்பாக இருக்க வேண்டும். துருப்பிடித்த முகத்தில் மண் ஒட்டும், இழுவை கூடும். உழுது முடித்ததும் கிரீஸ் பூசி வையுங்கள்.

ரொட்டவேட்டர் இருந்தால் கலப்பை வேண்டாமே?

புல் முளைத்த கெட்டி நிலத்தை நேரடியாக ரொட்டவேட்டரில் கொடுத்தால் அது குதிக்கும், சங்கிலி இழுபடும், கத்தி தேயும். முதலில் கலப்பை, பிறகு ரொட்டவேட்டர். ஏற்கெனவே பயிர் வைத்த பாத்தி என்றால் ரொட்டவேட்டரே போதும். வண்டியின் முதல் கியரும் வேகமாக இருந்தால் ரொட்டவேட்டர் மேலோட்டமாகத்தான் கிளறும். இந்த வேலைக்கு ஹைட்ரோ வண்டி நல்லது, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஊர்ந்து போகும்.

முன்பக்கம் லோடர் மாட்டலாமா?

ஆசை எல்லாருக்கும் வரும். பழைய கம்பெனி லோடர்கள் இருந்தன, வீட்டிலேயே வெல்டிங் வைத்தும் செய்கிறார்கள். தூக்கும் எடை முழுவதும் முன் அச்சில் இறங்குகிறது. அந்த அச்சோ மண் தள்ளும் பலகை அளவுக்கு யோசித்துச் செய்தது. சக்கரம் மாட்டும் ஸ்பிண்டில் வளையும், பேரிங் போகும். முன் அச்சை வலுப்படுத்தி, சட்டத்தைப் பின் அச்சு வரை நீட்டித் தாங்கி, பின்னால் நல்ல எடை கட்டினால் எரு அள்ளலாம், சரளை அள்ளலாம். அதற்கு ஆகும் உழைப்பில் பத்தில் ஒன்றைச் செலவிட்டு ஒரு நல்ல டிப்பர் டிரெய்லர் செய்யலாம். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

பாதுகாப்பு பற்றி?

அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் சட்டம் கிடையாது. சரிவில் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி இறங்குங்கள். 15 பாகைக்கு மேல் போகவே வேண்டாம்.

மரத்துண்டையோ வேரையோ இழுக்கும்போது சங்கிலியைப் பின் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள், அச்சின் உயரத்துக்கு மேல் எங்கும் கட்டாதீர்கள். மேலே கட்டி, இழுபடாத பொருளை இழுத்தால் முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். யோசிக்க நேரம் இருக்காது.

முந்தைய உரிமையாளர் சீட் சுவிட்சையும் கிளட்ச் சுவிட்சையும் கம்பியால் சுற்றிவிட்டிருந்தால் முதல் வேலையாக அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சுழலும் ஷாஃப்டின் மேல் மூடி இல்லாவிட்டால் தகட்டில் ஒன்று செய்யுங்கள்.

பெல்ட் அடிக்கடி அறுந்துபோகிறது, ஏன்?

கார் பெல்ட் போட்டிருப்பீர்கள். கிளட்சாக வேலை செய்யும் பெல்ட் அடிக்கடி வழுக்கிச் சூடாகும். அதற்குக் கெவ்லர் நூல் உள்ள பெல்ட் வேண்டும். அதைப் போட்டும் அறுந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புல்லியின் பேரிங் போய்விட்டது.

பெயின்ட் அடிக்கலாமா, பழைய நிறத்தையே விடலாமா?

வேலை வண்டி என்றால் துருவை நிறுத்தினால் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். அசல் பெயின்டும் ஸ்டிக்கரும் ஓரளவு நன்றாக இருந்தால் கை வைக்காதீர்கள், பிறகு சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடி வருவார்கள்.

எத்தனை வண்டி வைத்துக்கொள்வது?

புல் வெட்டும் அடிப்பகுதியைக் கழற்றி ரொட்டவேட்டரை மாட்டி, மறுவாரம் அதைக் கழற்றித் திரும்ப மாட்டி என்று ஒரு பருவம் செய்து பார்த்தவர்கள் இரண்டாவது வண்டி வாங்கிவிடுகிறார்கள். நியாயம்தான். ஒன்று புல்லுக்கு, புல்வெளி டயரோடு. இன்னொன்று மண்ணுக்கு, உழவு டயரும் எடையுமாக. மூன்றாவது வண்டிக்கு விறகு இழுக்க என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். நான்காவதிலிருந்து அது சேகரிப்பு, வேலைக் கணக்கில் சேர்க்க முடியாது.

உதிரிக்காக ஒரு வண்டியை வாங்கிப் பிரிக்கலாமா?

நிச்சயமாக, உங்களிடம் இருக்கும் மாடலாகவோ அதே கியர் பெட்டி உள்ளதாகவோ இருந்தால். பிரிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். கம்பி எங்கே போகிறது, ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் கையேட்டில் இருக்காது. ஹப், ஸ்பிண்டில், ஸ்டீயரிங் பற்சக்கரம், ஃபிளைவீல், கார்புரேட்டர், காற்று செலுத்தும் தகடுகள், கருவி மாட்டும் கொக்கிகள் ஆகியவற்றைத் துடைத்து எண்ணெய் தடவிப் பெயர் எழுதி வையுங்கள். 1960களின் வண்டி என்றால் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றாக இருக்கும் உருளையை விட்டுவிடாதீர்கள், அதுவும் அதன் ரெகுலேட்டரும் தேடினால் கிடைக்காது. இஞ்சின் உடைந்ததாக இருந்தாலும் கிராங்க் ஷாஃப்ட் நன்றாக இருக்கலாம், அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வளைந்த தகடு, கிழிந்த சீட், வெடித்த டயர் எல்லாவற்றையும் அதே வாரத்தில் பழைய இரும்புக்காரரிடம் அனுப்பிவிடுங்கள்.